மூன்று புள்ளிகளின் கதை

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், மதியச் சாப்பாடு முடிந்ததும் ராதா பஜார் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன். அங்கே ஒரு சந்தில், குத்தகைக்கு எடுத்த அலுவலகத்தில்தான் அந்தக் கம்பெனி தொழிலைத் தொடங்கியது. பதிவான நாள் 1910 ஆகஸ்ட் 24. பெயர், இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா லிமிடெட்.

வெள்ளைக்காரர்கள் போய் இருபது வருஷம் கழிந்தும் 'இம்பீரியல்' போகவில்லை. பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தியர் கைக்கு வந்த பிறகு, 1970-ல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆனது. 1974-ல் புகையிலையும் பெயரிலிருந்து போய் ஐ.டி.சி. லிமிடெட். அடுத்த வருஷமே நம்ம சென்னையில் சோழா ஓட்டல். 2001 செப்டம்பர் 18 முதல் அந்த மூன்று புள்ளிகளும் கிடையாது. வெறும் ஐடிசி.

இந்த மாற்றங்கள் எல்லாம் நடந்தது 1956 கம்பெனிச் சட்டத்தின் காலத்தில். போர்டை மாற்றி மாட்டினால் பெயர் மாறிவிடாது. பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது எதிர்த்து விழும் ஓட்டைப்போல மூன்று மடங்காவது ஆதரவு. பிறகு மத்திய அரசின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல். கடைசியில் ரிஜிஸ்திரார் தரும் புதிய சான்றிதழ். அது கைக்கு வந்தால்தான் புதுப்பெயர் செல்லும். இப்போதுள்ள 2013 சட்டத்திலும் 13-ஆம் பிரிவு ஏறக்குறைய இதே வழிதான். கூடவே, இரண்டு வருஷத்துக்குப் பழைய பெயரையும் சேர்த்தே போர்டில் எழுத வேண்டும்.

என்னைப் போன்ற பேங்க் ஆசாமிக்கு முக்கியமானது பழைய சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பெயர் மாறினாலும் கம்பெனியின் உரிமையும் கடமையும் மாறாது. பழைய பெயரில் நடக்கிற வழக்கு புதிய பெயரில் தொடரலாம். இது மட்டும் இல்லாவிட்டால், கடன் முற்றியதும் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடலாமே! தொழிலாளிக்குச் சம்பள பாக்கி, சரக்கு தந்தவருக்குப் பில் பாக்கி, எல்லாம் ஆற்றில் போட்ட புளிதான்.

ஒருமுறை ஜாமீன்தாரர் ஒருவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "நான் கையெழுத்துப் போட்டது அந்தக் கம்பெனிக்கு சார், இது வேற" என்றார். அவரிடம் கம்பெனியின் அடையாள எண்ணைக் காட்டினேன். மொத்தம் 21 எழுத்தும் எண்ணும். நடுவில் கம்பெனி பிறந்த வருஷம். அது பழைய காகிதத்திலும் புதிய காகிதத்திலும் ஒன்றேதான். மனிதர் அப்புறம் பேசவில்லை.

ஐடிசி-யின் எண்ணிலும் இன்றைக்கும் 1910 இருக்கிறது. இம்பீரியல் போனது, புகையிலை போனது, புள்ளிகூடப் போனது. பிறந்த வருஷம் போகவில்லை.

இங்கே ஆபீசில் என்னையும் பெயரைச் சுருக்கி, பின்னால் ஒரு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கடன் தவணை மட்டும் மாதாமாதம் முழுப்பெயரில்தான் பிடிக்கிறார்கள்!