சுபேதார் சுப்பிரமணியம்: நம் வட்டாரத்து யுத்த வீரர் ஒருவரின் சரித்திரம்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் நம் பெரியோர்க்கு நினைவில் எழுவது பகவத் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதாகும். நடுவயதினர்க்கோ 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி அவர்கள் அவ்வூரில் உயிரிழந்த துயரச் சம்பவம் மனத்தில் எழும். நம் வாலிபர்க்கு அது இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டார் வண்டிகள் செய்யும் பெருந்தொழிற்சாலைகளின் பிரதேசம். ஒரகடத்தினின்று மேற்கே செல்லும் ராஜபாட்டை வாலாஜாபாத்தை அடைகிறது. அவ்வாலாஜாபாத்தைச் சார்ந்த கிராமங்களுள் கீழ்ஒட்டிவாக்கம் என்பது ஒன்று. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருதை இந்தியருள் முதன்முதலாக நேரே பெற்றவர் பிறந்த ஊர் அதுவேயாகும்.

சென்ற தை மாதத்தில் நம் சங்கத்தார் வீட்டுத் திருமணம் ஒன்றில், தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரிடம் சுபேதார் சுப்பிரமணியத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் அவ்வூர்ப் பக்கமாகவே நாள்தோறும் வண்டியில் வருபவர்கள் அவர்கள். அவர்களைக் குறை கூறவில்லை. எடுத்துச் சொல்லாத எங்கள்மீதே குறை. ஆகையால் இக்கட்டுரை.

சுப்பிரமணியம் 1912-ஆம் வருஷத்தில் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்தார். அவர் சேர்ந்த பட்டாளம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ஸாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்பதாகும். 1780-ஆம் வருஷத்தில் மதராஸ் பயனீர்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய இப்பட்டாளம் இன்றும் மதராஸ் எஞ்சினீயர் குரூப் என்னும் பெயரால் விளங்குகிறது. பாலம் கட்டுதல், பாதை போடுதல், குடிநீர் வசதி செய்தல், பகைவர் புதைத்த கண்ணிகளைத் தோண்டியெடுத்தல் ஆகியவை இவர்கள் தொழில். பிறர் துப்பாக்கியுடன் முன்னேறுவதற்கு முன்னரே இவர்கள் மண்வெட்டியுடன் முன்செல்ல வேண்டும். இப்பட்டாளத்துச் சிப்பாய்களைத் 'தம்பி' என்றே மற்றப் படையினர் அழைத்து வந்தனர்.

அவர் எக்குலத்தவர் என்று வினவும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இப்பத்திரிகையிற் கூட அவ்வினா எழுந்தால் வியப்பில்லை. மதராஸ் ஸாப்பர்களிலோ தமிழர், தெலுங்கர், மலையாளிகள் ஆகியோரும், இந்துக்கள், கிறிஸ்தவர், முகம்மதியர் ஆகியோரும் கலந்தே பணி செய்தனர். கண்ணி புதைத்த நிலத்தில் முன்னே செல்பவனின் குலத்தைப் பின்னே வருபவன் கேட்பதில்லை. அவன் கால் வைத்த இடத்தை மாத்திரமே பார்க்கிறான்.

1944-ஆம் வருஷத் தொடக்கத்தில் நான்காம் இந்திய டிவிஷன் இத்தாலி தேசத்தில் இருந்தது. எரித்ரியாவின் கெரென் மலைகளிலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் போர் புரிந்து புகழ் பெற்றது அப்படை. ரோமாபுரிக்குச் செல்லும் பாதையைக் கஸ்ஸினோ மலைமேலிருந்து ஜெர்மானியர் அடைத்துக்கொண்டிருந்தனர். பிப்ரவரி 15-ஆம் தேதி அம்மலைமேலிருந்த புராதன மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. அதன் பின்னும் மலை வசப்படவில்லை. நம் டிவிஷன் அங்கே திரளான வீரரைப் பறிகொடுத்தது. மழையும் சேறும் பனியும் வேறு. வெயிலில் வளர்ந்த நம் ஜில்லாக்காரர்க்கு அக்குளிர் எப்படியிருந்திருக்கும்!

அந்நிலத்தில் ஜெர்மானியர் விதைத்திருந்த கண்ணிகளுள் 'எஸ்' கண்ணி என்பது மிகக் கொடியது. மண்ணுக்கு மேலே சிறு முட்கள் மாத்திரம் நீட்டிக்கொண்டிருக்கும். கால் பட்டவுடன் அது வெடித்துவிடுவதில்லை. சில விநாடி கழித்து, உள்ளிருக்கும் சிறு மருந்து அதை இடுப்பளவு உயரத்துக்கு மேலே தூக்கியெறியும். அங்கே வெடித்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாற்புறமும் சிதறச் செய்யும். மிதித்தவன் ஒருவனோடு நில்லாமல் சூழ நிற்பவர் அனைவரையும் வீழ்த்துவதே அதன் நோக்கம். இடையே கிடைக்கும் அச்சில விநாடிகளில் ஓடித் தப்புவதும் எளிதன்று. ஓடும் இடமும் கண்ணி நிலமே.

பிப்ரவரி 24-ஆம் தேதி, கஸ்ஸினோவுக்குத் தெற்கேயுள்ள மிஞ்ஞானோ என்னும் ஊரின் அருகில், பதினோராம் பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் தம் ஆட்களுடன் இத்தகைய கண்ணி அகற்றும் பணியில் இருந்தார். கண்ணி ஒன்று இயங்கிவிட்டது. சிப்பாய்கள் அருகில் நின்றனர். சுபேதார் அதன்மேல் தம் உடலைக் கிடத்தினார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டார், உடனிருந்தவர் பிழைத்தனர். அவர்க்கு அப்போது முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தது. அவ்வருஷம் ஜூன் மாத இறுதியில் லண்டன் கெஜட்டில் விருது அறிவிக்கப்பட்டது. பகைவர் எதிர்நின்று போரிடும் தருணத்தில் காட்டும் தீரத்துக்கு விக்டோரியா கிராஸ் என்றால், அத்தருணமல்லாத இடத்துக் காட்டும் தீரத்துக்கு 1940-இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் கிராஸ் அதற்குச் சமமான மதிப்புடையது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழும். அவர் இறந்ததற்கு இரண்டே நாள் முன்னர், பிப்ரவரி 22-ஆம் தேதி, பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா அம்மையார் காலமானார். காந்தியடிகளும் அதே சிறையில் இருந்தார். மலேயாத் தோட்டத் தமிழர் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தனர். அப்படியிருக்க, அன்னிய அரசனுக்காகப் போரிட்டவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த யுத்தத்தில் இந்தியப் படையில் சேர்ந்தவர் இருபத்தைந்து லட்சம் பேர் வரை. இறந்தவர் எண்பதாயிரத்துக்கு மேல். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. எனினும் வயிறும் ஒரு கட்டாயமே. மாதச் சம்பளம் வீடு வந்து சேரும் என்பதற்காகப் பட்டாளம் சென்றவர் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். அவர்களைத் துரோகிகள் என்பது எனக்கு ஒவ்வாது. மிஞ்ஞானோவில் சுபேதார் வீழ்ந்தது ஜார்ஜ் மன்னர்க்காக என்று கெஜட் எழுதிக்கொள்ளட்டும். அந்தச் சில விநாடிகளில் அவர் முன் நின்றவர் மன்னர் அல்லர். அவர் தம் ஆட்கள்.

நண்பர் முற்றும் இணங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தொடர்ந்து பேசுவோம் என்று சொல்லிச் சென்றார்.

அங்கத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். காமன்வெல்த் யுத்த சமாதிக் கமிஷன் இரண்டு மகா யுத்தங்களிலும் இறந்தவர்களின் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. பெயரும் பட்டாளமும் கொண்டு எவரும் தேடலாம். தங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ யுத்தத்துக்குச் சென்றிருந்தால், பரண்மேல் கிடக்கும் டிஸ்சார்ஜ் பத்திரம், மெடல், கடிதம் எதுவாயினும் எறிந்துவிடாது பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புக. வருகிற பிப்ரவரி 24-ஆம் தேதிக்கு முன்னர் வந்து சேருபவற்றை அம்மாத இதழில் வெளியிட உத்தேசம். இறந்தவர் மட்டுமன்று, திரும்பி வந்தவர் விவரமும் வேண்டும்.