தேடுவதும் அடுக்குவதும்

மறைந்த நண்பர் ஒருவரின் கணினி சென்ற வருஷம் என் பொறுப்புக்கு வந்தது. இருபது வருஷத்துக் கடிதங்கள், கவிதைகள், மின்னஞ்சல்கள். எதையும் அவர் அடுக்கி வைக்கவில்லை. தேடினால் கிடைக்கும், அடுக்குவது குமாஸ்தா வேலை என்பது அவர் கட்சி. நான் வங்கிக் குமாஸ்தா. ஆகவே இந்த விவாதத்தில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு.

அடுக்காமலே கண்டெடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1230களில் பாரிஸில், ஹ்யூ என்ற டொமினிக்கத் துறவியின் மேற்பார்வையில் பைபிளுக்குச் சொல்லடைவு ஒன்று தயாரானது. எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல். பிரதியைச் சொற்களாகக் கலைத்து, சொல்லிலிருந்து பிரதிக்குத் திரும்பும் பாதை அது. இன்றைய தேடுகருவிகளுக்குள் இருப்பதும் அடிப்படையில் இதே பட்டியல்தான். 2004 ஏப்ரலில் ஒரு ஜிகாபைட் இடத்துடன் வந்த ஜிமெயில், அஞ்சல்களை அழிக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், தேடினால் போதும் என்றது. அதே வருஷம் அக்டோபரில் கூகிள் டெஸ்க்டாப்பும், 2005 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்பாட்லைட்டும் தனிமனிதனின் கோப்புகளையும் சொல்லடைவுக்குள் கொண்டுவந்தன. கூகிள் டெஸ்க்டாப் 2011இல் கைவிடப்பட்டது. நம்பிக்கை கைவிடப்படவில்லை.

நண்பரின் கணினியில் 'அம்மா' என்று தேடினேன். அவர் கவிதைகளின் ஆதாரச் சொல் அது. பிற்காலக் கடிதங்கள் மூன்று வந்தன. முந்தையவை ஒன்றுகூட இல்லை. அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தெரிவது 'அ'. கோப்புக்குள் இருப்பதோ ஆங்கிலச் சிறிய 'எம்'. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. அவர் விரல்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. கருவி பொய் சொல்லவில்லை. அது அறிந்த விதத்தில் அந்தச் சொல் அங்கே இல்லை. எழுத்துருவை மாற்றித்தரும் நிரல்கள் உண்டு. மாற்ற வேண்டும் என்று தெரியவே கோப்பைத் திறந்தாக வேண்டும்.

ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். அவர் அம்மா இறந்த வாரத்துக் கடிதமும் கிடைத்தது. அதில் 'அம்மா' என்ற சொல்லே இல்லை. பற்றவைக்காத அடுப்பைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார். அர்த்தத்தை ஊகிக்கும் கருவிகள் இன்று வந்துவிட்டன. ஆனால் அந்த அடுப்பு யாருடையது என்பது அந்த வீட்டில் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும்.

கடிதத்துக்கு 'அம்மா' என்று பெயரிட்டு, தேதி போட்டு, அடுக்கில் வைத்தேன். இனி தேடுகிறவருக்குக் கிடைக்கும். குமாஸ்தா வேலைதான்.