மந்தையை இழந்த நாய்க்கு வைத்த பரீட்சை

அந்தக் காலத்து ஜெர்மனியில் பல வயல்களுக்கு வேலி கிடையாது. ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், மறுபக்கம் விளைந்து நிற்கும் பயிர், நடுவே ஓர் உழவுச்சால். மேய்ப்பு நாய் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சாலின் மேலேயே போவதும் வருவதுமாக இருக்கும். எல்லை தாண்டுகிற ஆட்டைக் கடிக்க அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கழுத்து, விலா, தொடை இந்த மூன்று இடங்களில்தான் கடிக்கலாம். வாய் நிறையக் கவ்வி, உடனே விட்டுவிட வேண்டும். நுனிப்பல்லால் பிய்க்கிற நாயால் ஆட்டுக்குக் காயம், மேய்ப்பனுக்கு நஷ்டம்.

ஷுட்ஸ்ஹுண்ட் என்ற காவல் நாய்ப் போட்டியின் விதை இந்தச் சாலில்தான் விழுந்தது என்பேன். போலீஸ் வந்தது பிறகு.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியக் கம்பளி மலிவாக வந்து இறங்க, ஜெர்மனியில் மந்தைகள் சுருங்கின. அந்த நேரத்தில்தான் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரிக்கு மேய்ப்பு நாய் மேல் பித்துப் பிடித்தது. 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூஹ நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயைப் பார்த்த இடத்திலேயே வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் மாற்றினார். அதே மாதம் மேய்ப்பு நாய்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். சங்கத்தின் வம்சாவளிப் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கு. நம் ஊரில் அல்சேஷன் என்று அழைக்கிறோமே, அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் இனம் இப்படித்தான் ஏட்டில் ஏறியது.

நாய் கிடைத்தது, ஆடு குறைந்தது. வேலையில்லாத நாயை எதை வைத்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவது? அழகை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பொம்மைதான் மிஞ்சும் என்று ஸ்டெஃபானிட்ஸ் அஞ்சினார். பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் போலீஸ் 1899இலேயே இரவு ரோந்துக்கு நாய்களைப் பழக்கியிருந்தது. இவரும் ஜெர்மன் போலீஸாரிடம் தன் நாய்களைக் கொண்டுபோனார். போலீஸ் நாய்க்கான சோதனையிலிருந்தே ஷுட்ஸ்ஹுண்ட் என்ற மூன்று பகுதிப் பரீட்சை உருவானது: மோப்பம், கீழ்ப்படிதல், காவல். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். எந்த ஆண் நாய், எந்தப் பெட்டை இனப்பெருக்கத்துக்குத் தகுதியானது என்று தெரிந்துகொள்ளவே இதெல்லாம், கோப்பைக்காக அல்ல.

பழக்கும் முறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர் கொன்ராட் மோஸ்ட். சார்ப்ரூக்கன் போலீஸில் 1906இல் நாய்களைப் பழக்கத் தொடங்கி, 1910இல் புத்தகம் எழுதினார். பாராட்டோ தண்டனையோ, நாய் அதைச் செய்த அந்த நொடியிலேயே விழ வேண்டும் என்பது அவர் கண்டது. உளவியலாளர் ஸ்கின்னரின் புத்தகம் வர இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. மோஸ்டின் கை கடுமையானது. முள் கழுத்துப்பட்டையும் பிரம்பும் தாராளம்.

அந்தக் கடுமையைக் குட்டிகள் தாங்காது. இன்று இரண்டு மாதக் குட்டிக்குப் பாடம் விளையாட்டாகவே தொடங்குகிறது. புல்வெளியில் பழக்குபவர் அடிமேல் அடி வைத்து நடந்து, ஒவ்வொரு காலடித் தடத்திலும் ஒரு துண்டு இறைச்சி வைக்கிறார். குட்டி தலை நிமிராமல் தடம் தடமாகத் தின்றுகொண்டே போகிறது. அதுவே மோப்பப் பாடம். கடிக்கு ஒரு சாக்குத் துண்டு போதும். அதைக் குட்டியின் முகத்தில் திணிக்கக் கூடாது. இரை எங்காவது தானாக வந்து வாயில் விழுமா? துணி தரையில் துடித்து விலகி ஓட வேண்டும், குட்டி துரத்திப் பாய வேண்டும். கடைவாய்வரை கவ்வினால் உடனே துணி அதற்கே சொந்தம்; வாலைத் தூக்கிக்கொண்டு அது ஊர்வலம் போகும். நுனியில் பிடித்தால் துணி மீண்டும் துடிக்கும், நழுவும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் மாதங்களில் இந்த ஆட்டத்துக்கு விடுமுறை. ஈறு வலிக்கும்போது கடிக்கவிட்டால், துணி என்றாலே வலி என்று குட்டி மனத்தில் பதிந்துவிடும். பிறகுதான் கடிப்பதற்கான சிறு மெத்தை, அதற்கும் பிறகு சணல் உறை போட்ட கைக்கவசம்.

18 மாதம் ஆகாமல் முதல் நிலைத் தேர்வு எழுத முடியாது. மூன்றாம் நிலையில் மைதானத்தில் ஆறு மறைவிடங்கள். கடைசி மறைவிடத்தில்தான் எதிரியாக நடிக்கும் ஆள் இருப்பான். ஆள் அசையாமல் நின்றால் நாய் அவனைத் தொடக்கூடாது, எதிரே நின்று குரைக்க வேண்டும். ஓடினால் கவ்வலாம். விடு என்ற ஒரு சொல்லுக்கு வாய் திறக்காவிட்டால் மதிப்பெண் சரியும். சால் ஓரத்து மேய்ப்பன் கேட்டதும் இதைத்தான்.

2019 முதல் ஷுட்ஸ்ஹுண்ட் போட்டிக்கு ஐஜிபி என்று பெயர். பெயரில் எனக்குப் புகார் இல்லை. பரீட்சையாகப் பிறந்தது விளையாட்டாகிவிட்டதில்தான் சிக்கல். இப்போது போட்டிக்கென்றே குட்டி போட வைக்கிறார்கள். ஆளை விட்டுவிட்டுக் கைக்கவசத்தையே காதலிக்கும் நாய்களும் உண்டு. கவசத்தைக் கழற்றிப் போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும், எதிரே நிற்பவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் போலீஸ் வேலைக்கு நாய் தேடுபவர்கள் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதில்லை. சட்டைக்குள் மெல்லிய கவசத்தை மறைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வருவதுபோல நாயை நெருங்கிப் பார்க்கிறார்கள்.