கரி பஸ் காலத்து மெக்கானிக்

கரி பஸ்ஸில் ஏறிப் போனவர்கள் இன்று நம்மிடையே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். என் வயதுக்காரர்கள் அதைப் பற்றிக் காதால் கேட்டதோடு சரி. எனக்கு மட்டும் அதன் கதை கொஞ்சம் விவரமாகத் தெரியும். என் அப்பா தொழில் பழகியதே அந்த வண்டிகளில்தான்.

எங்கள் ஊர் பொள்ளாச்சி. பஸ் தொழிலுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. ஜி.டி. நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான் ஓட்டினார். அதன் பிறகு பல முதலாளிகள் இத்தொழிலில் இறங்கினார்கள். அப்படி ஒரு கம்பெனியின் பட்டறையில், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்கு வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அப்பா. முதல் இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவதும்தான் வேலை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்கள் கரிக்கு மாறின. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கையால் சுற்றும் காற்றூதியை விடாமல் சுற்ற வேண்டும். போதுமான காற்றில்லாமல் கரி எரியும்போது உண்டாகும் வாயு, வடிகட்டி வழியாக என்ஜினுக்குப் போகும். வண்டி கிளம்பவே கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆகுமாம். பெட்ரோலில் கிடைக்கிற இழுவை கரியில் கிடைக்காது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள். சமயத்தில் தள்ளவும் செய்வார்கள்.

ராத்திரி வண்டிகள் ஷெட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் வேலை ஆரம்பிக்கும். சாம்பலை வாரி, வடிகட்டியில் அடைத்த தூசியைத் தட்டி, என்ஜினில் படிந்த கரியைச் சுரண்டி, விடியற்காலை முதல் சர்வீசுக்குத் தயார் செய்ய வேண்டும். அந்த வாயு விஷம். மூடிய ஷெட்டுக்குள் அதைச் சுவாசித்துத் தலை சுற்றி விழுந்ததுண்டு என்பார். "அந்தக் கரி வண்டிதான் கண்ணு எனக்குப் பள்ளிக்கூடம். எதையும் பெட்ரோல் மாதிரி சுலபமா எரிய வெக்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

போர் முடிந்தது. ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றின் சேசிஸ் மேல் மரத்தில் பாடி கட்டிப் பஸ்ஸாக ஓட்டிய முதலாளிகள் உண்டு. 1950-களில் டீசல் வந்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜினைப் பழைய பெட்ரோல் வண்டிகளில் மாற்றிப் பொருத்தினார்கள். பெட்ரோல் என்ஜினையே பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் பலர் டீசல் பம்பையும் நாசிலையும் கண்டு மிரண்டார்கள்.

அப்பா மிரளவில்லை. ஆனால் என்ஜினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டுவேன். எனக்கு ஒரு வரிகூடப் புரியாது. அவர் படத்தின் மேல் விரலை வைத்து, "இரு, இரு, மறுபடி படி" என்பார். பிறகு தலையை ஆட்டிக்கொள்வார். நான் படித்தேன்; அவர் புரிந்துகொண்டார்.

இவ்வளவும் எழுதும் நான், அப்போது அவரைப் பற்றி வெட்கப்பட்டவன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவே போகாது. பள்ளியில் கையெழுத்துப் போட அப்பாவை அழைத்து வரச் சொன்னால், மாமாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடம் ஒன்று நடந்தது. விடிந்தால் வால்பாறை போக வேண்டிய வண்டி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி சோதித்தபோது பின்சக்கர பிரேக் டிரம்மில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பைப் பார்த்தார். மாற்று டிரம் கையிருப்பில் இல்லை; கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். "ஒரே ஒரு நடை ஓடட்டும்" என்றார் மேனேஜர். அப்பா பதில் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதினைந்து நாள் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது என்றார்கள். எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "ஏனுங்க, அந்த வெடிப்பு நெசமாவே பெருசுங்களா?" என்று மட்டும் கேட்டார். "சின்னதுதான். அதான் பயம்" என்றார் அப்பா.

மறுநாள் இருட்டிய பிறகு அந்த வண்டியின் டிரைவர் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். "மேஸ்திரி, நாந்தானுங்க அதை ஓட்டியிருக்கோணும்" என்றவர், மேலே பேச வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தோட்டை மீட்க ஏழு மாதமானது. அடுத்த முறை பள்ளியில் அழைத்தபோது நான் அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. எங்கள் கம்பெனியின் வழித்தடங்களும் ஆட்களும் அரசுக்குப் போனார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதை ஐம்பது வயதில்தான் அப்பா கண்டார். முதல் சில வாரம் அந்த நாளில் என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டுக் கிணற்று ராட்டினத்தையும் அம்மாவின் தையல் மெஷினையும் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். என் இரண்டு தங்கைகளின் கல்யாணக் கடன் முழுவதையும் அடைத்துவிட்டு, 58 வயதில் ஓய்வு பெற்றார்.

ஸ்குரு டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறவர் அவர். ஆனால் நாற்பது வருடச் சத்தம் கடைசியில் அந்தக் காதுகளையே வாங்கிக்கொண்டது. பேரக் குழந்தைகள் கத்திப் பேசினாலும் சிரித்து வைப்பார்.

அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு வால்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரசு பஸ்தான். டிரைவருக்குப் பக்கத்து சீட். பாதி மலை ஏறியிருப்போம். என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னிடம், "ஒரு சிலிண்டர் சரியா எரியலை. டிரைவர் தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நாளைக்கு வேலைக்கு விடுறோம்" என்றார். நான் அதை அப்பாவின் காதருகே சத்தமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அன்று ஆட்டியது போலவே.