மருத்துவ இயற்பியலாளர் (கதிர்வீச்சுச் சிகிச்சை)

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கதிர்வீச்சு, திட்டமிட்ட அளவில் திட்டமிட்ட இடத்தைச் சேர்வதை உறுதிசெய்யும் அறிவியலாளர். மருத்துவர் கட்டியின் எல்லையையும் கதிரளவையும் வரையறுப்பார்; இயற்பியலாளர் சி.டி. படங்களைக் கொண்டு கதிர்களின் திசை, வடிவம், செறிவு ஆகியவற்றைக் கணித்து, தண்டுவடம் போன்ற உறுப்புகளைக் காக்கும் திட்டத்தை வகுப்பார். கதிரளவின் அலகு கிரே: ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்வது 1 கிரே. பணியின் அடித்தளம், சிகிச்சைக் கதிர்களை உருவாக்கும் நேரியல் முடுக்கியின் வெளியீட்டை, நீர்த்தொட்டியில் அயனியாக்க அறை என்னும் கதிர் உணர்வியால் அளந்து சீர்செய்வதாகும். இவ்வளவீட்டில் நேரும் பிழை அம்முடுக்கியில் சிகிச்சை பெறும் அனைவரையும் தாக்கக்கூடியது. எனவே மற்றொருவரின் தனிச் சரிபார்ப்பு இன்றியமையாதது. நோயாளியை நேரில் அதிகம் சந்திக்காத இப்பணியின் முக்கியத்துவம் இங்கேயே உள்ளது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிரியல் இயற்பியலில் பட்டயப் பயிற்சியும், அண்ணா பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பும் அளிக்கின்றன. கதிர்வீச்சுப் பாதுகாப்பை 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது.