ஆறுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ஆறு

எங்க விருதுநகர் மாவட்டத்துல மொத்தம் ஏழு சட்டமன்றத் தொகுதி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி. 2011-ல அ.தி.மு.க. அணி ஆறு ஜெயிச்சது, தி.மு.க.வுக்கு திருச்சுழி ஒண்ணு மட்டும். 2021-ல தி.மு.க. அணிக்கு ஆறு, அ.தி.மு.க.வுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு. அப்படியே தலைகீழ். நடுவுல 2016-ல நாலுக்கு மூணு.

ரிசல்ட் அன்னைக்கு டிவியில மாவட்டம் மாவட்டமா கலர் அடிச்சுக் காட்டுவாங்க இல்லையா, அதைப் பாத்துட்டு சென்னையில இருக்கிற சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கேட்டான்: "சித்தப்பா, உங்க மாவட்டமே மனசு மாறிருச்சு போல?" மாவட்டத்துக்கு ஏதுப்பா மனசு. பத்து வருஷத்துல எங்க தெருவுல கட்சி மாறினவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். செத்தவங்க கொஞ்சம் பேரு, பதினெட்டு வயசு ஆகி புதுசா ஓட்டு வாங்கினவங்க கொஞ்சம் பேரு, திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் பொழைக்கப் போனவங்க கொஞ்சம் பேரு. இந்தச் சின்ன அசைவுதான் டிவி படத்துல ஒரு கலரை அழிச்சு இன்னொரு கலரைப் பூசுது. அது எப்படின்னு பழைய கணக்கை வச்சுச் சொல்றேன். பட்டணத்துல இருந்து படிக்கிற நீங்க கிராமத்து ஓட்டைப் பத்தி வச்சிருக்கிற நெனப்பு கொஞ்சம் மாறும்னு நம்புறேன்.

1967-ல இருந்து ஆரம்பிக்கலாம். காமராஜர் விருதுநகர்ல தோத்த தேர்தல். அவரை ஜெயிச்சவர் பெ.சீனிவாசன், மாணவர் தலைவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல இருந்து வந்தவர். சீனிவாசனுக்கு 33,421 ஓட்டு, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285. ரெண்டு பெரிய கிராமத்து ஓட்டு, அவ்வளவுதான். ஆனா இன்னைக்கும் கதை எப்படிச் சொல்றாங்க? "சொந்த ஊர்க்காரங்களே காமராஜரைக் கைவிட்டாங்க"ன்னு. 32 ஆயிரம் பேர் கைவிடாம அவருக்குத்தான் குத்தியிருக்காங்க. அவங்களப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்ல.

மாநிலம் பூராவும் அதே கதைதான். அந்தத் தேர்தல்ல காங்கிரசுக்கு விழுந்தது 41.10 சதவீதம். தி.மு.க.வுக்கு 40.69. ஆமா, தோத்த கட்சிக்குத்தான் ஓட்டு கூட. ஆனா இடம்? தி.மு.க. 137, காங்கிரஸ் 51. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலயும் தனியா நின்னுச்சு. தி.மு.க. 174 இடத்துல நின்னு, மத்ததை ராஜாஜியோட சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக்னு கூட்டணிக்கு விட்டுக் கொடுத்துச்சு. எதிர்ப்பு ஓட்டு சிதறாம ஒரே பக்கம் விழுந்தது. அண்ணா முதல்வரானார். ஒரு யுகம் மாறினது உண்மை, அதை நான் குறைச்சுச் சொல்லல. ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு சொன்னது எங்க பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்னு என்னால ஊகிக்க முடியுது. இது கரிசக்காடு. கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்ன சனம். நெல்லுச்சோறு தீபாவளி பொங்கலுக்குத்தான். அரிசி விளையுற தஞ்சாவூரை விட அரிசி விளையாத ஊர்லதான் அந்தப் பேச்சு ருசிச்சிருக்கும்.

1967-ல "விருதுநகர் மாவட்ட முடிவு"ன்னு தேடினா கிடைக்காது. அப்போ விருதுநகர் மாவட்டமே கிடையாது. எல்லாமே பழைய ராமநாதபுரம் மாவட்டம். 1985 மார்ச்சுலதான் அதை மூணாப் பிரிச்சாங்க. எங்களுக்கு அப்போ காமராஜர் மாவட்டம்னு பேரு. 1997-ல தலைவர்கள் பேரை எடுத்துட்டு ஊர் பேரு வச்சாங்க. 2008 மறுவரையறையில திருச்சுழின்னு ஒரு தொகுதி புதுசா வந்துச்சு. பாராளுமன்றத்துக்கு அருப்புக்கோட்டை விருதுநகரோட சேர்ந்தது, திருச்சுழி ராமநாதபுரத்தோட போச்சு. பக்கத்துப் பக்கத்துக் காடு, ஒரே மானாவாரி, ஒரே வறட்சி, எம்.பி. மட்டும் வேற வேற. அதனால ஐம்பது வருஷத்து முடிவை மாவட்ட வாரியா வரிசையா அடுக்கி யாராவது பட்டியல் கொடுத்தா, எந்த வருஷத்து வேலியை வச்சு அளந்தாங்கன்னு முதல்ல கேளுங்க. நிலம் வாங்குறப்போ நாங்க அதைத்தான் முதல்ல கேப்போம்.

அருப்புக்கோட்டைக்கு வர்றேன். பந்தல்குடியில இருந்து எட்டையபுரம் ரோட்டுக்கு எதிர்த்திசையில போனா வர்ற டவுன். தறியும் மல்லிகைப்பூவும் உள்ள ஊரு. 1977-ல எம்.ஜி.ஆர். இங்கதான் நின்னு ஜெயிச்சு முதல் தடவையா முதல்வரானார். நான் அப்போ சின்னப் பையன். அய்யா தோள்ல உக்காந்து கூட்டத்தைப் பாத்தது மட்டும் ஞாபகம் இருக்கு, எம்.ஜி.ஆரைப் பாத்தேனா, தொப்பி போட்ட வேற யாரையும் பாத்தேனான்னு சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த தேர்தலுக்கு அவர் மதுரை மேற்குக்குப் போயிட்டாரு, 1984-ல ஆண்டிபட்டி. "எங்க தொகுதி முதல்வர்"ங்கிற பெருமை எங்களுக்கு மூணு வருஷத்துல முடிஞ்சிருச்சு.

அந்த 1977 கணக்கு வேடிக்கையான கணக்கு. நாலு பக்கப் போட்டி. அ.தி.மு.க. 30 சதவீதம், தி.மு.க. 25, காங்கிரஸ் பதினேழரை, ஜனதா பதினாறே முக்கால் கிட்ட. இடம் 130, 48, 27, 10. நூத்துக்கு முப்பது பேர் குத்தினதுல தனி மெஜாரிட்டி. மீதி எழுபது பேர் மூணா நாலாப் பிரிஞ்சு நின்னாங்க.

எம்.ஜி.ஆருக்கு அப்புறம் அருப்புக்கோட்டை வரிசையைப் பாருங்க. 1980, 84 ரெண்டு தடவையும் அ.தி.மு.க.வோட பிச்சை. 1989 தி.மு.க.வோட வே.தங்கபாண்டியன். 1991 அ.தி.மு.க.வோட மணிமேகலை. 1996 மறுபடி தங்கபாண்டியன், அமைச்சராவும் இருந்தாரு. அவர் காலமானதும் 1998 இடைத்தேர்தல்ல மகன் தங்கம் தென்னரசு வந்தாரு. (கவிதை படிக்கிறவங்களுக்கு தமிழச்சி தங்கபாண்டியனைத் தெரியும், மல்லாங்கிணறு ஊர்ப் பொண்ணு, இவருக்கு அக்கா.) 2001 அ.தி.மு.க.வோட சிவசாமி. 2006 மறுபடி தென்னரசு. 2011 அ.தி.மு.க.வோட வைகைச்செல்வன்.

கவனிச்சீங்களா? 1977-ல இருந்து 2011 வரைக்கும் ஒன்பது பொதுத்தேர்தல், ஒன்பதுலயும் எங்க தொகுதியில ஜெயிச்ச கட்சிதான் கோட்டையில உக்காந்துச்சு. டீக்கடையில இதைச் சொல்லிச் சொல்லி மீசை முறுக்கின ஆளுங்க உண்டு. நாடித்துடிப்பு எங்ககிட்ட இருக்குன்னு பேச்சு.

நான் அதை அவ்வளவா ஒத்துக்க மாட்டேன். அந்த வருஷங்கள்ல அலை அடிச்ச விதம் அப்படி. 1989-ல அ.தி.மு.க. ஜெ. அணி, ஜா. அணின்னு ரெண்டா நின்னப்போ தி.மு.க. 33 சதவீதத்துல 150 இடம் எடுத்துச்சு. ரெண்டே வருஷம் கழிச்சு 1991-ல அதே தி.மு.க.வுக்கு ரெண்டே ரெண்டு இடம். ஓட்டு என்னவோ 22 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு. நூத்துல இருபத்திரெண்டு பேர் ஓட்டுப் போட்டு 234-ல ரெண்டு. 1996-ல அ.தி.மு.க.வுக்கு அதே அடி. 164-ல இருந்து 4. அப்பவும் ஓட்டு 21 சதவீதத்துக்கு மேல. இப்படி வெள்ளம் வர்ற வருஷத்துல எந்தத் தொகுதியும் ஆளுங்கட்சி பக்கம்தான் மிதக்கும். அதுல அருப்புக்கோட்டை நாடி பாத்துச் சொல்லுச்சுன்னு சொல்றது, மழை வந்தப்புறம் தவளை கத்தித்தான் வந்துச்சுன்னு சொல்ற மாதிரி.

இதுல நான் சொல்ற சதவீதத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாக்கணும். கூட்டணிக்கு விட்டுக் கொடுத்த தொகுதியில ஒரு கட்சிக்காரன் ஓட்டு வேற சின்னத்துல போய் உக்காந்திருக்கும். 2011-ல எங்க மாவட்டத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் இந்தியக் கம்யூனிஸ்ட், விருதுநகர் தே.மு.தி.க.; இலைக்காரன் அங்க கதிர் அரிவாளுக்கும் முரசுக்கும் குத்தினான். 2021-ல சாத்தூர்ல ஜெயிச்சவர் ம.தி.மு.க., நின்னது உதயசூரியன்ல. தேர்தல் ஆணையப் பட்டியல்ல அவர் தி.மு.க. கணக்கு. ஆளும் அப்படித்தான். சாத்தூர் ராமச்சந்திரன் 1977-ல இலை சின்னத்துல சாத்தூர்ல ஜெயிச்சவரு, 2021-ல சூரியன் சின்னத்துல எங்க அருப்புக்கோட்டையில. கட்சி வாரிப் பட்டியல்ல இவர் ரெண்டு வரியில வருவாரு. ஊர்ல ஒரே ஆளுதான்.

2016-ல அந்த ராமச்சந்திரன் ஜெயிச்சப்பதான் ஒன்பது தேர்தல் வரிசை அறுந்துச்சு. மாநிலத்துல ஜெயலலிதா மறுபடி ஜெயிச்சாங்க. 1984-க்கு அப்புறம் ஆண்ட கட்சியே திரும்ப வந்தது அதுதான் முதல் தடவை. அருப்புக்கோட்டை, திருச்சுழி ரெண்டும் எதிர்க்கட்சி. டீக்கடையில "போச்சு, அஞ்சு வருஷம் ஒரு தார் ரோடு வராது"ன்னாங்க. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. மழை பெய்யாதது ஆளுங்கட்சித் தொகுதிக்கும் எங்களுக்கும் சமமாத்தான் இருந்துச்சு. மல்லி விதைச்ச காடு முளைக்கவே இல்ல. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டவன்தான் அந்த வருஷம் கஞ்சி குடிச்சான்.

சரி, ஒன்பது தடவை ஆளுங்கட்சி பக்கம் இருந்து எங்க சம்சாரிங்க கண்டது என்ன? கண்டது இல்லைன்னு சொல்ல முடியாது. கூட்டுறவுக் கடன் தள்ளுபடி 2006-ல கருணாநிதி பதவியேத்த அன்னைக்கே கையெழுத்து. 2016-ல ஜெயலலிதா, சிறு குறு விவசாயிகளுக்கு. 2021 பிப்ரவரியில பழனிசாமி 12,110 கோடி. மூணுமே தேர்தலை ஒட்டித்தான் வந்துச்சு, மூணும் தொகுதி பாக்காம வந்துச்சு. ஆனா இலவச மின்சாரம்னு ஒண்ணு இருக்கே, அது பம்புசெட்டு வச்சிருக்கிறவனுக்கு. எங்க பக்கம் பாதிக் காட்டுல கிணறே கிடையாது, இருந்தாலும் கீழ சுண்ணாம்புப் பாறை. வானம் பாத்த பூமிக்கு எந்தக் கட்சி அறிக்கையிலயும் பெருசா ஒரு வரி நான் பாத்ததில்ல. காவிரி, வைகை, குண்டாறு இணைப்பு ஒண்ணுதான். அதுக்கு அடிக்கல் நாட்டினது 2021 பிப்ரவரி 21. தேர்தல் தேதி அறிவிச்சது பிப்ரவரி 26. குண்டாறு திருச்சுழி கோயிலை ஒட்டித்தான் போகுது, வந்தா பாருங்க, மணலும் முள்ளும்தான்.

தொகுதி பாக்காம வந்தது அதெல்லாம். பூத் பாத்து வர்றது வேற. வாக்குச்சீட்டு காலத்துல பல பூத்து சீட்டைக் கலந்து எண்ணின முறை உண்டு. எந்த ஊர் எவனுக்குக் குத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. 2001-ல தமிழ்நாடு பூரா மிஷின் வந்துச்சு. ஒரு பூத்துக்கு ஒரு மிஷின், ஒரு எண்ணிக்கை. படிவம் 20-ன்னு ஒரு தாள்ல பூத் வாரியா எல்லாம் வந்துரும். எங்க பக்கம் ஒரு பூத்துன்னா ரெண்டு மூணு தெரு. தெருன்னா எந்தச் சாதி, எந்தக் குடும்பம்னு உள்ளூர்க்காரனுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு தடவை கண்மாய் மடை உடைஞ்சு கெடக்குதுன்னு நாலு பேரு மனு எடுத்துட்டு ஒரு கட்சிப் புள்ளியைப் பாக்கப் போனோம். மனுவை வாங்கி வச்சுட்டு, எங்க பூத் நம்பரைச் சொல்லி, அதுல அவங்களுக்கு விழுந்த ஓட்டையும் கடைசி இலக்கம் வரைக்கும் சொன்னாரு. கோவிச்சுக்கல, திட்டல, காபி கூட வாங்கிக் கொடுத்தாரு. மடையை நாங்களே வரி போட்டுக் கட்டினோம், வீட்டுக்கு முந்நூறு ரூபா.

அதனாலதான் டிவியில ஒரு மாவட்டத்துக்கு ஒரே கலர் அடிக்கிறதைப் பாத்தா எனக்குச் சங்கடமா இருக்கு. அந்தக் கலருக்குள்ள நூத்துக்கு நாப்பது பேரு வேற பக்கம் குத்தியிருப்பான். அவன் ஊர்ல இல்லாமப் போயிரல, அடுத்த அஞ்சு வருஷமும் அதே ரேஷன் கடை வரிசையிலதான் நிக்கணும். ஏழுல ஆறு ஒரே அணின்னு 2021-ல சொன்ன இதே பக்கத்துல, 2024 பாராளுமன்றத் தேர்தல்ல மாணிக்கம் தாகூர் ஜெயிச்சது 3,85,256-க்கு 3,80,877. வித்தியாசம் 4,379. விருதுநகர் பாராளுமன்றத் தொகுதியில மதுரைப் பக்கத்து திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் சேரும், திருச்சுழி சேராது, அதனால நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஆறுக்கு ஒண்ணுங்கிற மாவட்டம் மாதிரியா இருக்கு இது?

படிவம் 20 தேர்தல் அதிகாரியோட இணையதளத்துல யாருக்கும் கிடைக்கும். உங்க தொகுதிப் பேரைப் போட்டு எடுத்துப் பாருங்க. உங்க பூத் நம்பர் வாக்காளர் சீட்டுல இருக்கும். நீங்க குடியிருக்கிற அப்பார்ட்மெண்ட் பக்கம் யாருக்கு எத்தனைன்னு வரும். உங்களுக்கு அது வெறும் வேடிக்கை. சொந்த ஊர்ல இன்னும் ஓட்டு வச்சிருக்கிறவங்க அந்த ஊர் பூத்தையும் சேர்த்துப் பாருங்க.

மல்லிக்கு உழவு இன்னும் பாதி கெடக்கு. மிச்சம் அடுத்த வாரம்.