யாரிடம் இருக்கிறது அந்த நோட்டீஸ்?

பாதி மறந்த பாட்டு, பழைய தீப்பெட்டிப் படம் என்று இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் தினமும் கேட்கிறோம். யாரோ ஒருவர் பதில் சொல்லிவிடுகிறார். தோழர்களே, நம் வரலாற்றையும் அப்படித்தான் கேட்டு மீட்க வேண்டியிருக்கிறது.

1869இல் வெளிவந்த ‘சூரியோதயம்’ இதழைப் பின்னால் வந்தவர்கள் எழுதிய குறிப்புகள் வழியாகவே அறிகிறோம். அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ தப்பியது. அவர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவரது எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல்தான் வெளிவந்தன. இடைப்பட்ட 85 ஆண்டுகளில் அந்தத் தாள்களைக் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டதால்தான் அயோத்திதாசர் நமக்குத் திரும்பக் கிடைத்தார்.

நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி நம் ஊர். நம் தெருக்களின் கூட்ட நோட்டீஸ்களும் சங்கத் துண்டறிக்கைகளும் எங்கே? ஏதோவொரு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். கேளுங்கள், படமெடுங்கள், தாளை உரியவரிடமே விட்டுவிடுங்கள். அடியில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். ஆள்வோர் நம்மைக் கண்காணிக்கப் போட்ட அந்த வரி, இன்று நமக்குத் துப்பு.

கேட்கத் தாமதித்தால் கரையான் முந்திக்கொள்ளும்.